மூன்றாவது மணி

இந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் பள்ளியின் ஆபத்து மணி அலறியது. வானத்திலிருந்து குதித்தார் சூப்பர் ஹீரோ. தீயும் இல்லை, புகையும் இல்லை.

"இவன்தான் சார் அடிச்சான்!" தலைமையாசிரியர் ஒரு பையனைக் காதைப் பிடித்து இழுத்து வந்தார். "உங்க அசிஸ்டென்டா சேரணுமாம். படிப்புல சுத்த சைபர்!"

ஹீரோ முகமூடிக்குள் மூச்சு வாங்கினார். "இடியிற பாலத்துக்கு முட்டுக்கொடுத்து வச்சிட்டு ஓடி வர்றேன். விளையாட்டாடா இது?"

நிலைகொள்ளாமல் கால் மாற்றி நின்ற பையன், ரேங்க் கார்டை நீட்டினான். "ஒரு கையெழுத்து."

ஹீரோ பேனாவைத் திறந்தார்.

தலைமையாசிரியர் பதறினார். "ஐயையோ, அது ஆட்டோகிராஃப் நோட்டு இல்ல சார்! அதுல அவங்க அப்பாதான் போடணும். எங்கடா உங்க அப்பா?"

பையன் முகமூடியையே பார்த்தான்.

"வீட்டுப் பக்கமே வர்றதில்ல சார். மணி அடிச்சாத்தான் வர்றாரு."