லண்டன் போன பணியாரம்

கனகரத்தினம் குளிர்ச்சட்டையின் கடைசிப் பொத்தானையும் பூட்டி, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனை எடுத்தார். கொக்குவிலில் இருந்து பக்கத்து வீட்டுச் சிவகௌரி வீடியோவில் வந்தாள்.

“என்ன அண்ணை, கோடை காலத்திலையும் உப்பிடி மூடிக்கொண்டு இருக்கிறியள்?”

“லண்டன் கோடையை நம்பேலாது பிள்ளை. காலமை வெயில் எறிக்கும், மத்தியானம் விறைக்கும்.”

சொல்லும்போதே நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது. மேசைக்குக் கீழே அவர் சாரம்தான் கட்டியிருந்தார். போனுக்குப் பின்னால் நின்று மனைவி குணலட்சுமி சுளகால் விசிறிக்கொண்டிருந்தாள். அவர் லண்டன் என்று சொன்ன இடம், கொக்குவிலுக்குக் கொஞ்சம் தள்ளி யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் அரியாலை. குணலட்சுமியின் தம்பி குடும்பத்தோடு வெளிநாடு போனதில் இருந்து பூட்டிக் கிடந்த வீடு.

எல்லாம் கனகரத்தினத்தின் அவசரத்தால் வந்த வினை. லண்டனில் இருக்கும் மகள், கோடைக்கு வந்து நில்லுங்கோ என்று கூப்பிட்டதும், விசா கைக்கு வர முதலே தங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதையும் கூட்டி விருந்து வைத்துவிட்டார். விருந்துக்கு மறுநாள், விசா இல்லை என்று பதில் வந்தது. சாப்பிட்டுப் போன சனத்திடம் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. எல்லாரும் நின்று கைகாட்ட, கொழும்புக்கு என்று வெளிக்கிட்ட வான் அரியாலையில் வந்து இறக்கிவிட்டுப் போனது.

சொன்னபடி இரண்டு மாதத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் சும்மா இருக்க மாட்டாத மனுசன், வீட்டைச் சுற்றியிருந்த வளவு முழுவதையும் வெயிலில் கொத்திக் கரிக்கட்டையாகக் கறுத்துப்போனார். லண்டனால் வருகிறவர்கள் வெளுத்துக் கொழுத்து அல்லவா வருவார்கள்? நிறம் திரும்புமட்டும் ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று குணலட்சுமி சொல்லிவிட்டாள். அவர்களுடைய லண்டன் கோடை நீண்டுகொண்டு போனது இப்படித்தான்.

“முகம் இருண்டு கிடக்கு அண்ணை.”

“இஞ்சை வெளிச்சம் குறைவு பிள்ளை.”

நிறத்தை அப்படிச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது சிவகௌரி தந்துவிட்ட பார்சல். லண்டனில் வேலை செய்யும் மகன் லக்சனுக்கென்று பயத்தம் பணியாரமும் எள்ளுருண்டையும் செய்து, “என்ரை பிள்ளையின்ரை கையிலை குடுங்கோ அண்ணை” என்று கண்கலங்கித் தந்தாள். முதலில் இருவரும் மணந்துதான் பார்த்தார்கள். பிறகு பழுதாகிவிடும் என்று ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். இப்போது பை மட்டும்தான் மிச்சம். லக்சன் தூரத்தில் இருக்கிறான் என்று சாட்டுச் சொல்லித்தான் இத்தனை நாளும் தப்பினார்.

“ஒருத்தரும் கொண்டு வரேல்லை அம்மா” என்று லக்சன் ஒரு சொல் சொன்னால் போதும். கோயில் சபைத் தலைவர் கனகரத்தினத்தின் மானம் கொக்குவில் சந்தியில் கப்பலேறிவிடும்.

அந்த நேரம் பார்த்து, பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. விசிறிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“அதென்ன அண்ணை, அங்கையும் பாண் ஓட்டோ வாறதோ?”

“இது ஐஸ்கிறீம் வான் பிள்ளை. இஞ்சை அதுதான் பாட்டுப் போட்டுக்கொண்டு திரியும்.”

“ஓம் ஓம். லக்சன் கதைக்கேக்கையும் உந்தப் பாட்டுத்தான் கேக்கும். அவனும் ஐஸ்கிறீம் வான் எண்டுதான் சொன்னவன்.”

கனகரத்தினத்துக்கு மூச்சு வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் லண்டனைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று சின்னப் பெருமையும் வந்தது.

“சரி அண்ணை, நான் எடுத்தது பார்சல் விசயமாத்தான்.”

விடியற்காலையில் இருந்து பாடமாக்கிய பொய்யை அவர் மெல்ல எடுத்தார். “அது பிள்ளை, அந்தப் பார்சல்...”

“லக்சன் எல்லாம் சொல்லிப்போட்டான் அண்ணை.”

சுளகு நிலத்தில் விழுந்தது.

“நீங்களும் அக்காவும் வீடு தேடிக் கொண்டுபோய்க் குடுத்தனீங்களாம். இருந்து தேத்தண்ணியும் குடிச்சனீங்களாம். பணியாரம் நல்ல ருசியாம். என்ரை பிள்ளையைக் கண்ணாலை பாத்தனீங்கள் அண்ணை, அது எனக்குப் போதும்.” சிவகௌரி அழுதேவிட்டாள்.

கனகரத்தினம் மப்ளரைச் சரிசெய்தார். நடந்தது என்னவென்று விளங்காவிட்டாலும், வாய்த்த அதிர்ஷ்டத்தை விட அவர் ஆயத்தமில்லை. “அதுக்கென்ன பிள்ளை. பொடியன் நல்லா இருக்கிறான். நல்லா வெளுத்திட்டான்” என்றார்.

போனை வைத்ததும் மப்ளரைக் கழற்றி எறிந்தார்.

“உவன் ஏன் எங்களுக்காகப் பொய் சொன்னவன்?” என்று குணலட்சுமி கேட்டாள்.

“தங்கமான பிள்ளையப்பா. ‘உன்ரை பார்சல் வரேல்லை’ எண்டால் தாய் துடிச்சுப்போவாள் எண்டு மறைச்சிருப்பான்.” தின்ற பணியாரம் ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து நின்றது.

அவர் குளிர்ச்சட்டையைக் கழற்றி முடியவில்லை, போன் திரும்ப அடித்தது. லக்சன்.

“மாமா, நீங்கள் என்னைக் கண்டதெண்டு சொன்னியளாம், அம்மா இப்பதான் சொன்னவ. நீங்கள் தேடிப் போயும் என்னைக் கண்டிருக்க மாட்டியள். எண்டாலும் அவவிட்டை என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. இந்த உதவியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

கனகரத்தினத்துக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. “அதுக்கென்ன தம்பி” என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

“பதிலுக்கு நானும் ஒண்டு செய்யவேணும் மாமா, வேண்டாம் எண்டு சொல்லக் கூடாது. நான் கொழும்பிலைதான் வான் ஓடுறன், நீங்கள் லண்டனாலை வந்து இறங்கிற அண்டைக்கு எயாப்போட் வாசலிலை வந்து நிப்பன்.”