இரவல் டிராக்டர்

தங்கை புருஷன் பால்சாமியின் டிராக்டரை இரவல் கேட்க முத்தழகு கூச்சப்பட்டதே இல்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரரிடம் இல்லையென்று சொல்ல முடியுமா?

அன்றும் ஏறிக் கிளப்பினார். வேகத்தைக் குறைக்க வழக்கம்போல் திராட்டில் பிடியை மேலே தள்ளினார். தள்ளத் தள்ள வண்டி பிடரியில் கால் பட ஓடி, கண்மாய்ச் சேற்றில் புதைந்துதான் நின்றது.

பால்சாமி பதறி ஓடிவந்தார். "அடி பட்டுச்சா மச்சான்? திராட்டில் கம்பி அத்துப்போச்சுன்னு பாம்பன்ல படகு இஞ்சின் பாக்குற வாவு முகம்மதைக் கூப்பிட்டேன். படகு நெனப்புல தலைகீழா மாட்டிப்புட்டான்!"

"இனி இதைத் தொட்டா என் பேரு முத்தழகு இல்ல மாப்ளே!"

வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது சைக்கிளில் வந்து இறங்கினான் வாவு முகம்மது. முத்தழகை அவன் முன்பின் பார்த்ததில்லை.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே கம்பியைத் தலைகீழா மாட்டிக் குடுத்தேனே, ஒங்க மச்சான் இன்னும் இரவல் கேட்டு வரலையா?"