கடல்கன்னித் தொட்டி

"எத்தனை மீன் விடப்போறீங்க?" கண்ணாடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே கேட்டார் கவுஸ் பாஷா.

"மீனா? கடல்கன்னிங்க பாய்!" என்று சிரித்தான் மாதப்பன். கடத்தூர்த் திருவிழாவில் கொட்டகை போட்டிருக்கும் வித்தைக்காரன். மூலையில் உட்கார்ந்து, ஜிகினா வாலை இடுப்பில் மடித்துத் தைத்துக்கொண்டிருந்த மகளைக் காட்டினான். "எஞ் சின்னக்கண்ணுதான் உள்ள எறங்கறா. மூச்சடக்கிப் படுத்தான்னா சனம் வாயப் பொளந்துடும்."

மார்பளவு உயரம், இரண்டு ஆள் நீளம். யுத்தம் வந்ததும் ஏற்காட்டு பங்களாவைக் காலி செய்த துரையிடம் பழசாக வாங்கிய மீன் தொட்டி. அது தண்ணீர் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்கத்தான் தர்மபுரியிலிருந்து பாஷாவை வரவழைத்திருந்தான். கண்ணாடி விஷயத்தில் பாஷா சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

முன்பக்கத்தில் வெளியே நாலைந்து இடம் சில்லு பெயர்ந்திருந்தது. பாஷா விரலால் தடவினார்.

"வண்டியில ஏத்தறப்ப பட்டுடுச்சுங்க," என்றான் மாதப்பன் அவசரமாக.

சனங்கள் கல்லை கில்லை எறிந்துவிடக் கூடாதென்று மேலே கம்பி மூடி. அதன் கொண்டி துருவேறி இறுகிக் கிடந்தது. அதைத் திறப்பதற்குள் பாஷாவுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

உள்ளே இறங்கிப் பார்த்தபோது, அந்தச் சில்லுகளுக்கு நேராக ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தது. துண்டால் அழுத்தித் துடைத்தார், போய்விட்டது.

வெளியே வந்து இணைப்புகளில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டார். சொட்டுக் கசிந்தாலும் அந்த வெள்ளை கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஏறியது.

தண்ணீர் அந்த இடத்துக்கு வந்ததும், துடைத்த கை மறுபடியும் தெரிந்தது.

"யா அல்லா!" பாஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போல டொக், டொக் என்று வேறு கேட்டது. இரும்புச் சட்டம்தான் பாரத்தில் முனகுகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

"ஒடையுமாங்க பாய்?"

மாதப்பனின் மனைவி காவேரி. காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாவம், பெற்றவளாயிற்றே. கண்ணாடி வெடித்தால் பிள்ளையைக் கிழித்துவிடாதா!

"கொஞ்சம் பொறும்மா. சுண்ணாம்பு சொல்லும்."

உச்சிப்பொழுது வரை காத்திருந்தார்கள். சுண்ணாம்பு போட்டது போட்டபடி வெள்ளையாகவே இருந்தது. பாஷா தொட்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு மூலையாக முகம் வைத்துப் பார்த்தார்.

"மாதப்பா, ஒரு பொட்டுக் கசிவில்ல. தைரியமா எறக்கு!"

மாதப்பன் தமுக்கைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்கு ஓடினான். சின்னக்கண்ணு வாலை மாட்டிப் பார்த்தாள். இவ்வளவு மடித்துத் தைத்தும் அவளுக்கு அது தொளதொளவென்றுதான் இருந்தது.

காவேரி முகத்தில் ஈயாடவில்லை. நல்ல சேதி சொன்ன பிறகும் இப்படி நிற்கிறாளே என்று பாஷாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பயப்படாதம்மா. ஒலக்கையால அடிச்சாக்கூட இந்தக் கண்ணாடி ஒடையாது."

"தெரியுங்க பாய். எம் பெரியவ உள்ளயிருந்து தட்டினப்ப, அடிச்சுப் பாத்தேனுங்க."