ஒரு ஹைஃபன் குறைகிறது

சொர்ணம் அழுதிருக்கிறாள் என்பது ஆராவமுதனுக்கு உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. கண் இரண்டும் சிவந்து, டைப்ரைட்டர் மேல் போட்ட உறையைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூலையில் முந்தாநாள் வந்து இறங்கிய கம்ப்யூட்டர் இருந்தது. அது டைப்பும் அடிக்குமாம், ஸ்பெல்லிங்கும் பார்க்குமாம்.

பெங்களூர் பீன்யாவில் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியின் ஆபீஸ் அறையில் மொத்தமே இரண்டு பேர்தான். ஆராவமுதன் சிவப்பு மையால் இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பார். சொர்ணம் டைப் அடிப்பாள். உச்சரிக்காத எழுத்துக்கும் மரியாதை கொடுக்கிற மனுஷர் அவர். 'நாலெட்ஜ்' முன்னால் சத்தமே போடாமல் நிற்கும் 'கே'யை யாராவது விட்டுவிட்டால், அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கன்னடக்கார மேனேஜர் உமேஷ் வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

"சார், ஸ்வல்ப இதைப் பாருங்க. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கணும்."

வேலையை விட்டு அனுப்பும் கடிதம். கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் தங்கள் சேவை தேவைப்படாமல் போகலாம் என்று இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

ஆராவமுதன் தாளிலிருந்து நிமிர்ந்தார். "யாருக்கு சார் இது?"

"அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல். நீங்க இங்கிலீஷை மட்டும் பாருங்க." உமேஷ் அவர் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

யாருக்கு என்று கேட்கவா வேண்டும்? கம்ப்யூட்டர் வந்தபின் டைப்பிஸ்ட் எதற்கு? சொர்ணத்தின் புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறான். ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறை வீடு இவளை நம்பித்தான் ஓடுகிறது.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தார். ஆனால் தப்பு கண்ணில் பட்டுவிட்டால் அவர் கை அவர் பேச்சைக் கேட்காது. 'ரிசீவ்' என்ற வார்த்தையில் ஐயும் ஈயும் இடம் மாறிக் கிடந்தன, மாற்றினார். 'இன்ஃபர்மேஷன்' வாலில் வேண்டாத ஒரு எஸ், வெட்டினார். 'ட்வென்டி டூ இயர்ஸ்' உழைத்ததற்கு நன்றி சொல்லும் வரியில், ட்வென்டிக்கும் டூவுக்கும் நடுவே ஹைஃபன் இல்லை, போட்டார்.

கடைசியில் அந்த 'மே' வந்தது. 'மே நாட் பி ரிக்வயர்ட்.' தேவைப்படாமல் போகலாம். கெட்டிக்கார வக்கீலுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், சொர்ணத்தின் வேலை பிழைத்துவிடும். விட்டுவிடு, விட்டுவிடு என்று மனசு கெஞ்சியது.

ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மே' போட்டால் அது என்ன இங்கிலீஷ்? அடித்துவிட்டு 'வில்' என்று எழுதினார். எழுதிய பிறகு தன் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

உமேஷ் வந்து தாளை வாங்கிக்கொண்டார். "இனிமே ஓட்டையே இல்லையே சார்?"

"இல்லை," என்றார் ஆராவமுதன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

உமேஷ் தலை மறைந்ததும் சொர்ணம் எழுந்து வந்தாள். என்றைக்கும் இல்லாத வழக்கமாக ஒரு டம்ளர் டீயை அவர் மேஜையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னை மன்னிச்சுடும்மா சொர்ணம். அந்த லெட்டரை நான் திருத்தாம விட்டிருக்கணும். என்னால முடியலை."

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று அவர் தவித்தார்.

"உமேஷும் ஒண்ணும் மோசமா எழுதலைம்மா. இருபத்திரண்டு வருஷம் உழைச்சதுக்கு நன்றின்னு ஒரு வரி போட்டிருக்கார்."

சொர்ணத்துக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வேலைக்கு வந்து ஒம்பது வருஷம்தான் சார் ஆகுது."