கவிழ்த்து வைத்த குப்பி

"குப்பியை இப்பம் தொடாதே, கேட்டியா? நாளைக்குக் காலையில தலைகீழாக் கவுத்துப் பாரு. உள்ள இருக்கது கீழ இறங்கலன்னா நான் ஜெயிச்சேன்."

தாணுமாலயன் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் அந்தக் கண்ணாடிக் குப்பியை வைத்தார். மரச்சீனிக் கிழங்கு மாவைத் தண்ணீராகக் கரைத்தது போல உள்ளே ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.

"ஆரியசாலைக் கடையில வாங்குன மாவை வச்சு அசாம்ல எண்ணெய் எடுக்கப் போறியளாக்கும்!" என்று சிரித்தாள் அவர் மனைவி பகவதியம்மாள்.

"மாவு மட்டுமில்ல, எங்க லேப் மருந்தும் இருக்கு. அது பழைய எண்ணெய்க் கிணறு பாத்துக்கோ. பத்து வாளி மேல வந்தா ஒம்பது வாளி தண்ணி. இந்த மருந்து தண்ணியா உள்ள போயி, தண்ணி வாற வழியில நின்னு கட்டியாயிரும். அந்த வழி அடைஞ்சுட்டா, பாறை இடுக்குல ஒதுங்கிக் கெடக்குற எண்ணெய் வெளிய வந்துதானே ஆகணும்?"

"அடுப்புப் பக்கத்துல என்னத்துக்கு வைக்கிய?"

"கிணத்துக்குள்ளயும் சூடுதான். சூட்டுல நிக்குதான்னு பாக்கணும்."

"நிக்கலன்னா?"

"இன்னும் ரெண்டு வருஷம் எனக்கு அசாம்தான். நின்னா, இங்க நம்ம லேப்லயே உக்கார வைக்கதா டைரக்டர் வாக்குத் தந்திருக்காரு. தெனமும் உன் புளிக்கறிதான்."

"அப்பம் நிக்கட்டும். இந்தத் தடவையாவது பிளேன்ல அனுப்பக் கூடாதா? அஞ்சு நாளு ரயில்ல கெடந்து உங்களுக்கு இடுப்பு ஒடியுது."

"நம்ம ஆபீஸா? பிளேன் எல்லாம் பெரிய ஆளுகளுக்கு. எனக்கு என்னைக்கும் செகண்ட் கிளாஸ்தான்" என்றபடி தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார் தாணுமாலயன்.

மறுநாள் காலையில் அவள் குப்பியைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது கட்டியாகி அசையாமல் நின்றது. அவர் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

ஒரு மாதம் போனது. ஒரு காலை வேளையில் வாசலில் லேப் ஜீப் வந்து நின்றது. லீலாபாய் இறங்கி வந்தாள். தாணுமாலயனோடு ஒரே மேஜையில் வேலை செய்கிறவள்.

"அக்கா..."

"கண்ணு கோவைப்பழமாட்டு இருக்கே! ராத்திரி முழுக்க டிரங்க் காலுக்குக் காத்திருந்தியாக்கும்? சொல்லு மக்கா, கிணத்தைத் திறந்தாச்சா?"

"நேத்துத் திறந்தாங்கக்கா."

"தண்ணி நின்னுச்சா?"

"முதல்ல தண்ணிதான் வந்துச்சாம். மத்தியானத்துக்கு மேல நல்ல எண்ணெய். அங்க உள்ளவங்களாலயே நம்ப முடியலியாம்."

"நான் அன்னைக்கே நெனச்சேன்! ஒரு குழப்பமும் இல்லியே?"

"சாயந்திரம் ஒரு பைப் இணைப்பு விட்டுப்போச்சுக்கா. சாரு... பக்கத்துலதான் நின்னாராம்."

"நிப்பாரு, நிப்பாரு. சட்டையெல்லாம் எண்ணெயாயிருக்கும். நான்தான் தொவைக்கணும்." பகவதியம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஜீப்புல யாரு?"

"டைரக்டர் சாரு."

"அவரே வந்திருக்காரா? நேர்ல சொல்லணும்னு வந்தாராக்கும்! என்னத்துக்கு வெளிய இருக்காரு? உள்ள வரச் சொல்லு. காப்பி போடுதேன்."

அடுப்பில் தண்ணீரை வைத்தாள். கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் ஓயவில்லை.

"இனி அவரு அசாம் போண்டாம் அல்லே?"

"போக வேண்டாம்க்கா."

"எப்பம் வாறாரு?"

"நாளைக்கு."

"நாளைக்கா? உனக்குத் தூக்கக் கலக்கம் மக்கா. நேத்து அசாம்ல நின்ன ஆளு நாளைக்கு எப்படி வருவாரு? ரயிலே அஞ்சு நாளு ஓடணுமே!"

லீலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பிளேன்லக்கா."

பகவதியம்மாள் சிரிக்கப்போனாள். 'நம்ம ஆபீஸா?' என்ற அவருடைய கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினாள். டைரக்டர் ஜீப்பை விட்டு இறங்கியிருந்தார். ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வெயிலில் தலைகுனிந்து நின்றார்.

"பெட்டியிலா வாறாரு, லீலா?" என்று கேட்டாள்.

லீலா ஆமென்று தலையாட்டினாள்.

காப்பித் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. பக்கத்து அலமாரியில், அவள் கவிழ்த்து வைத்த குப்பியில், உள்ளே இருந்தது ஒரு துளிகூடக் கீழே இறங்கவில்லை.