தடம் மடங்கிய இடம்

சைரன் அலறியது. மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள் அம்மா.

"உட்காருங்கம்மா, இது அன்னைக்குப் பதிவானது" என்று இன்ஜினியர் அவசரமாக ஒலியைக் குறைத்தார். "காத்து எகிறினா கிரேன்ல அடிக்கிற சைரன். நேரம் சரியா இருக்கான்னு பார்க்கத்தான் போட்டேன்."

அம்மா உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் சோற்றை வைத்துவிட்டு ஒதுங்கிப் போவாள், இவள் தொடமாட்டாள்.

சரக்குப் பெட்டிகள் அடுக்குகிற யார்டு அது. மேலே கிரேனில் மருமகள், கீழே நின்று சிக்னல் காட்ட அவள் புருஷன். ஆறு வருஷமாக ஜோடியாக வேலை. இருபத்திரண்டு நாளுக்கு முன் அவள் தூக்கிய பெட்டி அவன் மேலேயே மோதி, அங்கேயே அவன் உயிர் போயிற்று. "கை தவறிடுச்சு" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

"அவ கை தவறாது சார்" என்றாள் அம்மா. "முட்டையைத் தூக்கி முட்டை மேல வைப்பான்னு என் பிள்ளையே பெருமையடிப்பான். அன்னைக்குக் காலையில ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. சாப்பாடுகூட எடுக்காம கிளம்பிட்டான். இவ வேணும்னே செஞ்சான்னு ஒரு வரி எழுதுங்க, மத்ததைப் போலீஸ் பார்த்துக்கும்."

பேசும்போதெல்லாம் அவள் கட்டைவிரல் டப்பா மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மூடியின் ஓரம் நன்றாக நெளிந்திருந்தது.

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்கத்தான் நிர்வாகம் இன்ஜினியரை வரவழைத்திருந்தது. அவர் திரையை இருவர் பக்கமும் திருப்பினார். கறுப்பில் ஒரு பச்சைக் கோடு சுருண்டு கிடந்தது.

"என்ன சார் இது, சிக்குப் பிடிச்ச நூல் மாதிரி?"

"தொங்குற பெட்டியோட தடம்மா. குறுக்கே பார்த்தா எவ்வளவு தூரம் ஆடுச்சு, நெடுக்கே பார்த்தா எவ்வளவு வேகம். சும்மா விட்டா சுழல் சின்னதாகிச் சின்னதாகி நடுவுல வந்து அடங்கிடும்." அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்கதான் காத்து தள்ளுது. பெட்டி வலது பக்கம், கேட் பக்கமா பாயுது. அடுத்த நொடியே கோடு மடங்குது பாருங்க."

"மடங்கினா?"

"கைப்பிடியை இடது பக்கம் முழுசா தள்ளியிருக்காங்க. கை தவறினா கோடு பிசிறடிக்கும். இது கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கு." அவர் மருமகளைப் பார்த்தார். "தெரிஞ்சேதான் தள்ளியிருக்கீங்க."

"கேட்டுக்கிட்டீங்களா!" அம்மாவின் குரல் உடைந்தது. "அந்த இடது பக்கம்தானே சார் என் பிள்ளை நின்னான்! ஊர்ப்பட்ட பெட்டியைப் பூ மாதிரி இறக்கத் தெரியும், புருஷன் மேல மோதாம இருக்கத் தெரியாதா இவளுக்கு?"

மருமகள் முதல் முறையாக நிமிர்ந்தாள். "அவருதான் சார் கை காட்டினாரு."

"என்னன்னு?"

"இடது பக்கம் இழுன்னு. அவர் கை காட்டினா ஏன்னு நான் கேட்டதே இல்ல. நகர்ந்துடுவாருன்னு நினைச்சேன்... நகரல."

"அடிப்பாவி! செத்தவன் வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாங்கிற தைரியமா?"

இன்ஜினியர் கையமர்த்தினார். எதையோ தட்டினார். கோடு மடங்கிய இடத்திலிருந்து வலது பக்கமாகப் புள்ளி புள்ளியாய் இன்னொரு தடம் நீண்டது.

"தள்ளாம விட்டிருந்தா பெட்டி போயிருக்கிற வழி இது. கேட் பக்கத்து நடைபாதையில போய் விழுந்திருக்கும். அங்க வெறும் தரைதான். உள்ளே யாரையும் விடலைன்னு காவலாளி எழுதிக் கொடுத்திருக்கான்." அவர் நெற்றியைச் சொறிந்தார். "வெறும் தரையைக் காப்பாத்தவா ஒரு மனுஷன் பெட்டியைத் தன் பக்கம் இழுக்கச் சொல்வான்? அங்க யாராவது நின்னாங்களா?"

"யாரும் இல்ல சார்." கேள்வி முடியுமுன்பே பதில் வந்தது. "அவர் கையும் காட்டல, ஒண்ணும் காட்டல. நான் பொய் சொன்னேன். வேணும்னே செஞ்சேன்னே எழுதிக்குங்க. கையெழுத்து எங்க போடணும்?"

இன்ஜினியர் அந்த வரியை எழுதித் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு முகத்தின் மேல் வந்து விழுந்து, பாதியில் திரும்பிப் போன ஒரு பெரிய நிழல் அவளுக்கு நினைவு வந்தது.

மெல்ல எழுந்தாள். இருபத்திரண்டு நாளாகக் கையை விட்டு இறக்காத டப்பாவை, மருமகள் கையெழுத்துப் போடவிருந்த தாளின் மேல் வைத்தாள்.

"அங்க நான் நின்னேன் சார்... காவலாளியைக் கெஞ்சி உள்ள வந்து, அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு."