கார்டு இருந்தால்தான் கும்மி

நாரணாபுரம் கல்யாண மண்டப வாசலில் முருகம்மாள் நீட்டிய இருபது ரூபாயை ஞானசுந்தரி கையால்கூடத் தொடவில்லை.

"காசு வாங்கறதில்ல முருகம்மா. ஏ.டி.எம். கார்டு கொண்டா."

முருகம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. கும்மியடிக்கிற இடத்தில் கார்டாம்.

தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் பூட்டிக் கிடக்கிற நேரத்தில், வருஷத்துக்கு ஒரு காலைப்பொழுது, வேலைக்குப் போகிற பொம்பளைகள் மட்டும் கூடி ஆடுகிற ஆட்டம் அது. இத்தனை வருஷமும் வாசலில் ஒரு தூக்குவாளி இருக்கும். சாப்பாட்டுச் செலவுக்கு அதில் காசைப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். இந்த வருஷம் அதே இடத்தில் மேஜை போட்டு, கார்டு தேய்க்கிற மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் மகளிர் குழுத் தலைவி ஞானசுந்தரி.

பெரிய தலைவி. நாலு வருஷம் முன்புவரை முருகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரவெடி பின்னிக்கொண்டிருந்தவள்தான். சிவகாசியில் ஜவுளிக்கடை வைத்ததும் கடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே படம் காட்டுகிறாள்.

"ஏங்க்கா, என் காசு என்ன செல்லாத காசா?"

"செல்லும். ஆனா இங்கன கார்டுதான். யாரு பேர்ல கார்டு இருக்கோ அவுகளே வந்து தேய்க்கணும், அவுகளே கையெழுத்துப் போடணும்."

கார்டுக்கு முருகம்மாள் எங்கே போவாள்? போன சீசனிலிருந்து கம்பெனியில் சம்பளத்தை பேங்கில் போடுகிறார்கள். வேலை பார்க்கிற அத்தனை பொம்பளைகள் பேருக்கும் கார்டு வந்தது. வந்த அன்றைக்கே முருகம்மாளின் கார்டு புருஷன் ஊர்க்காவலன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. சம்பளம் விழுந்ததும் அவனே போய் எடுப்பான். பிராந்திக்கடை வழியாக வீடு வந்து சேருவான். மிச்சம் இருந்தால் கொடுப்பான்.

முருகம்மாள் பாட்டை எடுத்துக் கொடுத்தால்தான் கும்மி களைகட்டும் என்பது ஊரறிந்த சங்கதி. பத்து நாளாகப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பாடிப் பாடிப் பழகியிருந்தாள். அதையும் சொல்லிப் பார்த்தாள். கார்டோடு வந்து பாடு என்று சொல்லிவிட்டு ஞானசுந்தரி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வழி நெடுக ஞானசுந்தரியின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள் முருகம்மாள். நாலு காசு சேர்ந்துவிட்டால் கூடப் பாடுபட்டவர்களின் முகம்கூட மறந்துபோகுமா என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள்.

விஷயத்தைக் கேட்ட ஊர்க்காவலன், நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துத் தாராளமாக நீட்டினான். மிச்சத்தையும் நீயே வச்சுக்க என்றான். காசு வேண்டாமாம், கார்டுதான் வேண்டுமாம் என்றதும் அவன் முகம் மாறிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான்.

மண்டப வாசலில் ஏற்கெனவே ஏழெட்டுப் புருஷன்மார் நின்று கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காவலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மேஜையில் தட்டினான்.

"ஏழை பாழைக ஆடுற ஆட்டத்துக்கு எதுக்கு மெஷினு? கூலிக்காரனோட காசு உங்களுக்கு நாறுதோ?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் பேசியது முழுக்க நியாயம் என்று முருகம்மாளுக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

ஞானசுந்தரி அசையவில்லை. சரி, நானே தேய்த்துத் தருகிறேன் என்று அவன் இறங்கி வந்தான். கார்டில் உங்கள் பேரா இருக்கிறது என்று கேட்டு அதையும் மறுத்துவிட்டாள். ஆம்பளைகளுக்கு உள்ளே அனுமதி கிடையாது என்றும் சொன்னாள்.

அதற்குள் உள்ளே யாரோ சுதி தப்பிப் பாட்டை எடுத்துவிட்டார்கள். முருகம்மாளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நின்றவர்கள் எல்லோரும் ஊர்க்காவலனையே பார்த்தார்கள். கட்டினவளுக்கு அவள் கார்டையே கொடுக்காதவன் என்ற பேர் வந்துவிடுமோ என்று அவனுக்குக் கூச்சமாகப் போனது. பையிலிருந்து கார்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"தேச்சதும் கொண்டாந்து குடுத்துரு. நான் இங்கனயேதான் நிக்கேன்."

சின்னத் தொகை என்பதால் ரகசிய நம்பர் கேட்காமலே மெஷின் கிர்ரென்று சீட்டைத் துப்பியது. முருகம்மாள் எழுத்துக் கூட்டித் தன் பேரை எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மேஜையில் விட்டெறிந்தாள்.

"ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிச்சவுகதானக்கா நீங்க. எங்கள இப்படி வாசல்ல நிக்க வச்சு அசிங்கப்படுத்திட்டீகளே."

ஞானசுந்தரி எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக் கதவுக்கு உள்ளே கூட்டிப்போனாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கார்ட வெளிய குடுத்துராத. முந்தானையில முடிஞ்சுக்க. ஆட்டம் முடிஞ்சதும் பின்வாசல்ல வேன் நிக்கும், எல்லாரும் நேரா பேங்குக்குப் போறோம். மேனேஜர்ட்ட பேசிட்டேன். பழைய ரகசிய நம்பரத் தள்ளிட்டு, உனக்கு மட்டும் தெரியுற மாதிரி புது நம்பருக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் வீடு."

முருகம்மாள் மண்டபத்துக்குள் பார்த்தாள். வட்டமாக நின்ற அத்தனை பேர் முந்தானையிலும் ஒரு முடிச்சு இருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, உங்கள இம்புட்டுத் திட்டியிருக்க மாட்டேனேக்கா" என்றாள், கார்டை முந்தானையில் முடிந்துகொண்டே.

"நீ நெசமாத் திட்டினதுனாலதான் உன் வீட்டுக்காரரு நம்பினாரு. காசு கேட்டிருந்தா எல்லாப் புருஷன்மாரும் தாராளமா குடுத்து விட்டிருப்பாக முருகம்மா. கார்டக் கேட்டதுனாலதான் உன் சம்பளம் உன் கைக்கு வந்துச்சு."